வேலி போட்டாள் நாகவேணி

நாகவேணிக்குக் கோபம் வராத நாளை நெல்லிகத்தெ ஊரில் யாரும் பார்த்ததில்லை. காலையில் கொல்லைக் கதவைத் திறந்ததும் முதல் வசவு நத்தைகளுக்கு விழும். "ராத்திரி பூரா தின்னீங்களா? உங்க அப்பன் வீட்டுத் தோட்டமா இது?" என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுவாள். அடுத்தது பூக்காத செடிக்கு. "எரு போட்டாச்சு, குச்சி நட்டுக் கட்டியாச்சு. இன்னும் என்ன, பல்லக்கு அனுப்பணுமா உனக்கு?" மழை கொஞ்சம் பலத்தால் மழைக்கும் கிடைக்கும். தெருவோடு போகிறவர்கள் புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று நினைத்துக்கொண்டு வேகமாக நடப்பார்கள். உள்ளே அந்தப் புருஷன் ஸ்ரீபாத ஹெக்டே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

அவளுடைய தோட்டமே கோபத்தில் முளைத்தது. எல்லாப்பூர் பக்கத்திலிருந்து இருபத்தோரு வயதில் கல்யாணமாகி வந்தபோது, வைக்கோலில் சுற்றிய ஐந்து டேலியாக் கிழங்குகளைப் புடவைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். முற்றத்தில் நடலாம் என்று மண்வெட்டியை எடுத்தவளிடம் மாமியார், "முற்றம் பாக்கு காயப்போட. பூவ வேகவெச்சு சாப்பிடப்போறியா?" என்று கேட்டாள். கடைசியில் தொழுவத்துக்குப் பின்னால் உடைந்த ஓடும் கல்லும் கொட்டி வைத்திருந்த மூலையைக் காட்டி, வேண்டுமானால் அங்கே வைத்துக்கொள் என்றாள். பதினெட்டு அடி நீளம், பத்தடி அகலம். நாகவேணி கடப்பாரையை எடுத்து அந்தக் கல்லையெல்லாம் பெயர்த்தாள். ஒவ்வொரு கல்லைத் தூக்கி எறியும்போதும் 'வேகவெச்சு சாப்பிடப்போறியா' என்ற வார்த்தையையும் சேர்த்து எறிந்தாள். மழைக்காலம் முடிவதற்குள் ஐந்து கிழங்கும் பூத்தன.

இப்போது அவளுக்கு ஐம்பத்தொன்று. மாமியார் போய்ச் சேர்ந்து வருஷம் பன்னிரண்டு ஆகிறது. ஐந்து கிழங்கு அறுபத்திரண்டு வகையாகியிருந்தது. அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் டேலியாக் கிழங்கைக் கடையில் வாங்குவதில்லை. கேட்டு வாங்குவாள், மாற்றிக்கொள்வாள், இல்லையென்றால் திருடுவாள். நாலு வீடு தள்ளியிருக்கும் கமலாக்ஷி ஒரு வெள்ளை டேலியாவின் கிழங்கைத் தரமாட்டேன் என்று மூன்று வருஷம் சாதித்தாள். அவள் மகள் கல்யாணத்துக்குப் போன நாகவேணி, திரும்பி வரும்போது மடக்கிய குடைக்குள் ஒரு தளிரை ஒடித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். அடுத்த ஆடியில் அது பூத்ததும் கமலாக்ஷியைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தாள். கமலாக்ஷி ஆறு மாதம் பேசவில்லை. ஏழாவது மாதம் நாகவேணியின் ஊதா ரகத்தில் ஒரு தளிர் காணாமல் போயிற்று. அதோடு கணக்குத் தீர்ந்து, இருவரும் சேர்ந்து காபி குடித்தார்கள்.

வீட்டுக்குள் இருக்கும்போதும் கை சும்மா இருக்காது. மழை கொட்டும் மத்தியானங்களில் பஞ்சை எடுத்து வைத்துக்கொண்டு விளக்குத் திரி உருட்டுவாள். சாமிக்குப் போடும் பஞ்சு மாலையைக் குங்குமத் தண்ணீர் தொட்டுத் தொட்டு முத்து முத்தாகக் கட்டுவாள். பாக்கு மட்டையை ஊறவைத்து மடித்துத் தட்டு, கிண்ணம், குல்லாய் என்று ஏதாவது செய்வாள். அப்போதும் வாய் திட்டிக்கொண்டுதான் இருக்கும். பஞ்சு சரியில்லை, கரண்ட் இல்லை, கவர்மெண்டு சரியில்லை. அந்த முணுமுணுப்பு நின்றுவிட்டால்தான் அவளுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கொழுந்தன் பிரசன்னா பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தான். பாக்கு மூட்டை அடுக்கும் கூடத்தைத் தடுத்து நாலு அறையாக்கினான். மாடியில் இரண்டு அறை. வாசலில் பலகை மாட்டி, வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து தங்கிப்போகும் விடுதியாக வீட்டை மாற்றிவிட்டான். ஸ்ரீபாத ஹெக்டே, "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். வருகிறவர்களுக்கு யார் சமைப்பது என்று அந்தப் பேச்சில் யாரும் கேட்கவில்லை. நாகவேணி கேட்டபோது இருவரும் ஆச்சரியமாக அவளைப் பார்த்தார்கள்.

சமைத்தாள். தோசைக் கல்லைத் திட்டிக்கொண்டே சமைத்தாள். வந்தவர்கள் தொழுவத்தின் பின்பக்கம் வராதவரை அவளுக்குப் பெரிய சண்டை ஒன்றும் இல்லை.

போன ஆடியில் மானஸா என்ற பெண்மணி பதினாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மூன்று நாள் முகாம். சின்னச் சின்ன சந்தோஷங்களைத் தேடுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பாளாம். பூ, மழை, மண், கைவேலை இதிலெல்லாம் மனசை வைத்தால் கவலை போய்விடும் என்று முதல்நாளே முற்றத்தில் உட்காரவைத்துப் பேசினாள். நாகவேணி அடுக்களை ஜன்னல் வழியாகக் கேட்டாள். 'இதுக்கு எதுக்கு இங்க வரணும், வீட்டுல ஒரு தொட்டிய வைக்க வேண்டியதுதானே' என்று நினைத்துக்கொண்டு கத்தரிக்காயை நறுக்கினாள்.

அன்று மத்தியானம் பிரசன்னா வந்து, "அண்ணி, கொஞ்சம் கூடத்துல வந்து திரி உருட்டிக் காட்டுங்க. அவங்கல்லாம் கத்துக்கணுமாம்" என்றான். பாய் விரித்து நடுவில் அவளை உட்காரவைத்தார்கள். சுற்றிப் பதினாலு பேர். பஞ்சையும் அவளுடைய சின்னக் கத்தரிக்கோலையும் முன்னால் எடுத்து வைத்தார்கள். மானஸா மெல்லிய குரலில், "பாருங்க, அந்த முகத்த பாருங்க. எவ்வளவு அமைதி!" என்றாள். மஞ்சள் டேலியாப் பாத்தியில் காலையில் பார்த்த செருப்புத் தடம் இவர்களில் யாருடையதாக இருக்கும் என்று நாகவேணி அந்த நேரத்தில் ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் சிரிங்க" என்றான் போனை நீட்டிக்கொண்டிருந்த பிரசன்னா.

"பல்லு வலிக்குது."

கண்ணாடி போட்ட ஒருவர் குனிந்து கேட்டார். "அம்மா, இத செய்யும்போது மனசு எப்படி இருக்கும் உங்களுக்கு?"

"இடுப்பு வலிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். மானஸா நெஞ்சில் கை வைத்து, "என்ன ஒரு எளிமை!" என்றாள். நாகவேணிக்குக் கையிலிருந்த பஞ்சை அவள் வாயில் அடைக்கலாமா என்று இருந்தது. விருந்தாளி என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போனாள். கத்தரிக்கோலை எடுக்க மறந்துவிட்டாள்.

அந்த வாரம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததற்கு வேறு காரணமும் உண்டு. தொழுவத்துக்குப் பின்னால் ஒரு மொட்டு இருந்தது.

கிழங்கிலிருந்து வரும் டேலியா, தாய்ச்செடி போலவேதான் பூக்கும். விதையிலிருந்து வருவது அப்படியில்லை. எந்த நிறத்தில், எந்த வடிவத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அது அதுவரை எங்கேயும் இல்லாத பூ. ஆனால் அந்த ஊர் மழையில் விதை முற்றுவதற்குள் அழுகிவிடும். நாகவேணி இரண்டு வருஷம் முயன்று தோற்றாள். மூன்றாவது வருஷம் தண்டை ஒடித்து வந்து அடுக்களைப் பரணில் புகைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு விதை எடுத்தாள். பதினொரு நாற்று முளைத்தது. அதில் பத்து, நாலு இதழோடு சோனியாகப் பூத்தன. "உங்களுக்காகவா மூணு வருஷம்?" என்று அதுகளையும் ஒரு பாடு திட்டித் தீர்த்தாள். பதினோராவதில்தான் எலுமிச்சம்பழ அளவுக்கு அந்த மொட்டு. மழை அடித்துக் கெடுத்துவிடாமல் பாக்கு மட்டையில் சின்னக் குல்லாய் ஒன்று செய்து, குச்சியில் மாட்டி அதற்குக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

முகாமின் இரண்டாம் நாள் விடியலில் குல்லாயைத் தூக்கிப் பார்த்தாள். விரிந்திருந்தது. நடுவில் பலாச்சுளை மஞ்சள், ஓரம் போகப்போகக் கோகம் பழச் சிவப்பு. இதழ் நுனி ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்து சுருண்டிருந்தது. நாகவேணிக்குத் திட்ட வார்த்தை வரவில்லை. சேற்றில் குந்தி உட்கார்ந்தாள். தொழுவத்தில் மாடு இரண்டு தடவை கத்திவிட்டது. அவள் அசையவில்லை. தூறல் விழ ஆரம்பித்ததும் குல்லாயைத் திரும்பக் கவிழ்த்துவிட்டு எழுந்துபோய்க் கமலாக்ஷிக்குப் போன் போட்டாள்.

"பத்து மணிக்கு வா. வந்து வயிறெரிஞ்சு சாவு."

"உன் பூவப் பாத்தா? இங்க மழையில அடுப்பே எரியல, வயிறு எங்க எரியும்" என்றாள் கமலாக்ஷி. "வர்றேன், வர்றேன்."

பிறகு நாகவேணி அடுக்களைக்குள் போனாள். பதினாலு பேருக்கும் காகிதம் போல மெல்லிய தெள்ளேவு தோசை வேண்டும். ஒவ்வொன்றாகத்தான் வார்க்க முடியும். எல்லாரும் தின்று முடித்துக் கையைக் கழுவும்போது பத்தாகப் போகிறது. அடுப்பை அணைத்து, தோசைக் கல்லைத் துடைத்து வைத்துவிட்டு, முந்தானையில் கை துடைத்தபடி வெளியே வந்தாள். கிணற்றடியில் ஒரு இளைஞன் தலையில் சின்னப் பாக்கு மட்டைக் குல்லாயை வைத்துக்கொண்டு போனில் தன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அவள் ஓடினாள். தொழுவத்துக்குப் பின்னால் பதினோராவது செடி நின்றது, தலையில்லாமல். தண்டு சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. அவளுடைய கத்தரிக்கோல் பக்கத்துப் பாத்தியில் மழையில் கிடந்தது. மற்ற செடிகளிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் காம்புகள் மொட்டையாக நின்றன. அதையெல்லாம் அவள் எண்ணவில்லை.

முற்றத்தில் மற்ற எல்லாரும் வட்டமாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வீட்டுப் பித்தளை உருளியில் தண்ணீர். அதில் பதினாலு பூ மிதந்தது. "எது உங்களுக்குப் பிடிச்சிருக்கோ அத விட்டுடுங்க... போகட்டும்... போகட்டும்..." என்று மானஸா சொல்லிக்கொண்டிருந்தாள். வராந்தா நாற்காலியில் ஸ்ரீபாத ஹெக்டே வெற்றிலை மென்றபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"யாரு வெட்டினது இத?" என்று நாகவேணி தன் பூவைக் காட்டினாள்.

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், தயங்கிக் கையைத் தூக்கினாள். "நான்தான் ஆன்ட்டி. ரொம்ப அழகா இருந்துச்சு. அதான்..."

"அழகா இருக்குன்னு கண்ணு சொல்லிச்சு. சரி. அப்புறம் கை எதுக்கு நடுவுல வந்துச்சு?"

மானஸா எழுந்து வந்து நாகவேணியின் தோளைத் தொட்டாள். "அம்மா, உங்க கோபத்தையும் அப்படியே இந்தத் தண்ணியில விட்டுடுங்க."

"கைய எடு." நாகவேணியின் குரலுக்குத் தொழுவத்தில் மாடு கயிற்றை இழுத்தது. "என் கோபத்த விடுறதுக்கு இந்த உருளியா? அகநாசினி ஆறே பத்தாதும்மா. மூணு வருஷம் நான் அத வளத்தேன். அதுக்கு முன்னாடி இந்த உலகத்துல அது இல்ல. காலையில ஆறு மணிக்கு வந்துச்சு, பத்து மணிக்கு நீங்க தண்ணியில மிதக்க விட்டீங்க. சந்தோஷம் தேட வந்தீங்களா? தேடுங்க. எடுக்கறதுக்குப் பேரு தேடறதா?" கண்ணாடிக்காரர் போனை உயர்த்தினார். "அத கீழ வை. வெச்சியா இல்லியா?" அவர் வைத்தார்.

அப்போதுதான் ஸ்ரீபாத ஹெக்டே வாயைத் திறந்தார். "நாகவேணி, விடேன். விருந்தாளிங்க. ஒரு பூதானே, நாளைக்கு இன்னொண்ணு பூக்கும்."

அவள் மெதுவாகத் திரும்பினாள். "வெட்டும்போது நீங்க இங்கதான் இருந்தீங்களா?"

"இருந்தேன். பின்னாடி பூ பறிச்சுக்கலாமான்னு கேட்டாங்க. பறிச்சுக்கங்கன்னேன்."

"அந்தக் குல்லாய்?"

"அதையும் கேட்டாங்க. எடுத்துக்கங்கன்னேன். நம்ம வீட்டு மட்டைதானே."

"அதுக்குக் கீழ என்ன இருந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பூ" என்றார்.

நாகவேணி உருளிக்குள் கையை விட்டுத் தன் பூவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். குடையோடு கமலாக்ஷி படியேறிக்கொண்டிருந்தாள். வாய் நிறைய ஏதோ கேலி தயாராக வைத்திருந்தவள், நாகவேணியின் கையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து நின்றாள். பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காம்பின் வெட்டைப் பார்த்தாள்.

"இது மாதிரி ஒண்ணு இந்தத் தாலுகாலயே கிடையாது, மகராசி" என்றாள் கடைசியில். பிறகு நாகவேணியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

முப்பது வருஷத்தில் கமலாக்ஷி நாகவேணியின் ஒரு பூவையும் நல்லது என்று சொன்னதில்லை. 'காம்பு வளைஞ்சிருக்கு', 'நிறம் வெளுப்பு', 'எங்க வீட்டுல இதவிடப் பெருசு'. அதைக் கேட்கத்தான் அவளை வரச்சொன்னது. வயிறெரிந்து போவாள் என்று காத்திருந்த இடத்தில் இரக்கப்பட்டுவிட்டாள். நாகவேணிக்குக் கண்ணில் நீர் வந்தது, அது வந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. "முதுக விடு. போ, அப்புறம் வா" என்று அவளையும் விரட்டினாள்.

அன்று மத்தியானம் அடுக்களையில் அடுப்பு எரியவில்லை. பிரசன்னா தேடிக்கொண்டு பின்பக்கம் வந்தபோது, விழுந்து கிடந்த ஒரு பாக்கு மரத்தை நாகவேணி கத்தியால் நீளவாக்கில் பிளந்துகொண்டிருந்தாள்.

"அண்ணி, மணி பன்னண்டரை. பதினாலு பேரு இருக்காங்க."

"சின்னச் சின்ன சந்தோஷம் தேடத்தானே வந்திருக்காங்க. அரிசி டப்பா பரணுக்குக் கீழ இருக்கு. தேடட்டும்."

"அண்ணி, ப்ளீஸ். நான் மன்னிப்பு கேக்கச் சொல்றேன் அவங்கள."

"கேக்க வேண்டியவங்க அவங்க இல்ல." கத்தி மறுபடி இறங்கியது. பிரசன்னா ஒரு அடி பின்னால் போனான்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து சோறு வடித்தார்கள். அடி பிடித்தது. மோர்க்குழம்பு என்று எதையோ ஊற்றினார்கள். மறுநாள் காலை முகாம் கிளம்பிவிட்டது. போகும்முன் மானஸா கட்டிப்பிடிக்கக் கையை விரித்துக்கொண்டு வந்தாள். நாகவேணி சேற்றுக் கையை நீட்டிக் காட்டினாள். பூவை வெட்டிய பெண் மட்டும் தனியாகத் தொழுவத்தைச் சுற்றி வந்தாள். "தெரியாம செஞ்சுட்டேன் ஆன்ட்டி. ராத்திரி தூங்கவே இல்ல" என்று அழுதாள். நாகவேணி அவள்மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. "உன் காலுல அட்டை ஏறியிருக்கு, பாரு" என்று சொல்லி, உப்பை எடுத்து வந்து அட்டையின் மேல் வைத்து அது விழுந்ததும், "சரி போ" என்று அனுப்பினாள்.

வேலி போட ஆறு நாள் ஆயிற்று. மரத்தைப் பிளந்து, உள்ளே இருக்கும் நாரைச் சுரண்டி எடுத்து, பலகைப் பட்டையாக்கி, இடுப்பளவு இல்லை, தலை உயரத்துக்கு நட்டாள். குறுக்கே மூங்கில் வைத்துத் தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கினாள். உள்ளங்கை இரண்டு இடத்தில் கிழிந்தது. மஞ்சளை வைத்துத் துணி கட்டிக்கொண்டு மறுபடி பிளந்தாள். வீட்டாருக்கு மட்டும் சமைத்தாள். தட்டை வைக்கும் சத்தத்தைத் தவிர ஸ்ரீபாத ஹெக்டேவுக்கு அவளிடமிருந்து வேறு சத்தம் வரவில்லை. அவள் திட்டாத காலைகளில் அவருக்குத் தூக்கம் கலைந்து போயிற்று. எழுந்து வந்து கொல்லைப் படியில் உட்கார்ந்திருப்பார்.

ஏழாம் நாள் சிர்சி சந்தைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்து வேலிக் கதவில் மாட்டினாள்.

"பூட்டு எதுக்கு, நம்ம வீட்டுலயே?" என்றார் அவர்.

"நம்ம வீட்டுலதான் தேவைப்படுது."

"ஒரு பூவுக்கு இவ்வளவா, நாகவேணி?"

அவ்வளவுதான். ஏழு நாள் அடைத்து வைத்திருந்தது உடைந்தது. "ஒரு பூ! ஏழு ஏக்கர் பாக்குத் தோட்டத்துல எந்த மரம் எந்த வருஷம் வெச்சது, எதுக்கு நோய் வந்துச்சு, எது உங்க அப்பா கையால நட்டது, எல்லாம் எனக்குத் தெரியும். உங்க தோட்டம்னு நான் தெரிஞ்சு வெச்சிருக்கேன். என்கிட்ட இருக்கறது பதினெட்டு அடி. கல்லப் பேத்து நானே உண்டாக்கினது. முப்பது வருஷமா என்ன பண்றா இவ அங்கன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள், வந்து பாத்திருக்கீங்களா? பாக்கல. பரவாயில்ல. பாக்காத இடத்த எடுத்துக் குடுக்க உங்களுக்கு யாரு சொன்னது? பறிச்சுக்கங்கன்னு சொல்ல அது உங்களுதா?"

அவர் கேட்டுக்கொண்டு நின்றார், அதுவே அவரைப் பொறுத்தவரை புதிது. நாகவேணி மூச்சு வாங்கினாள். பிறகு அதே சூட்டில் பிரசன்னாவைக் கூப்பிட்டாள். மானஸாவின் இணையப் பக்கத்தில் தான் திரி உருட்டும் படம் போட்டு, 'அமைதியின் முகம்' என்று எழுதியிருப்பதைக் கமலாக்ஷி அவளுக்குக் காட்டியிருந்தாள். அதை எடுக்கச் சொல்லிப் போன் பண்ணச் சொன்னாள். அவன் "அப்புறம்" என்றான். "இப்ப" என்று பக்கத்தில் நின்றாள். படம் போகும்வரை நின்றாள்.

விடுதி நடக்கத்தான் செய்கிறது. சமைக்கச் சுசீலா என்று ஒரு அம்மாளைப் பிரசன்னா அமர்த்தியிருக்கிறான். அவள் வார்க்கும் தெள்ளேவு கனமாக இருக்கிறது என்று சிலர் குறைபடுகிறார்கள். நாகவேணி அடுக்களைக்கு அவளுக்கு இஷ்டமான நாளில் போகிறாள். வேலிக்குப் பக்கத்தில் வந்து எட்டிப்பார்க்கும் விருந்தாளிகள் உள்ளேயிருந்து, "யாரது? என்ன வேணும்?" என்ற குரலைக் கேட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

பதினோராவது செடி ஆவணியில் பக்கக் கிளைகளில் இரண்டு பூ பூத்தது, முதல் பூவைவிடச் சிறிதாக. கமலாக்ஷி வந்து பார்த்தாள். "அன்னிக்குப் பாத்த சைஸ் இல்ல. நிறமும் கொஞ்சம் கம்மி" என்றாள். "கண்ணு தெரியலன்னா கண்ணாடி போடு" என்றாள் நாகவேணி. "தெரியுது, தெரியுது. நுனியெல்லாம் நத்தை கடிச்ச மாதிரி இருக்கு." "அது அப்படித்தான் பிளக்கும், பைத்தியமே!" வெளியே வைத்திருந்த காபி ஆறும்வரை சண்டை போட்டார்கள். கமலாக்ஷியின் கண் அந்தச் செடியின் தளிர்மேலேயே இருந்ததை நாகவேணி கவனித்தாள். அவள் குடையை வாங்கித் திறந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்பினாள்.

ஸ்ரீபாத ஹெக்டே மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அந்த வார்த்தை அவர் வாயில் வராது. ஆனால் காலையில் நத்தைகளுக்கு வசவு விழும் நேரத்தில், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வேலிக்கு வெளியே வந்து நின்று, "நாகவேணி, உள்ள வரலாமா?" என்று கேட்கிறார். சில நாள் கதவைத் திறக்கிறாள். வேலை கொடுக்கிறாள், குச்சி பிடிக்கச் சொல்கிறாள், பிடித்தது சரியில்லை என்று திட்டுகிறாள். பல நாள் "இன்னிக்கு வேண்டாம்" என்கிறாள். அவர் சரி என்று மழையோடு திரும்பிப் போகிறார்.